அண்ணன் பெயரில் கிடக்கும் சங்கப் பணம்

மலேசியாவின் செபராங் பிறையிலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

“எனக்கு வயது 41. தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கும் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்கும் வார இறுதியில் இலவச டியூஷன் நடத்தும் பதிவு பெற்ற சங்கம் எங்களுடையது. பிள்ளைகள் 120 பேர். ஆண்டுச் செலவு சுமார் 60,000 ரிங்கிட். ஐந்து வாரத்துக்கு முன் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். சங்கத்தைத் தொடங்கிப் பதினைந்து ஆண்டு நடத்தியவர், நாங்கள் எல்லாரும் ‘அண்ணன்’ என்று அழைப்பவர், இப்போது ஆலோசகர். பொருளாளர் அவருடைய மைத்துனர். பொறுப்பேற்ற பிறகுதான் சங்கத்தின் 38,400 ரிங்கிட் அண்ணனின் சொந்த வங்கிக் கணக்கில் இருப்பது தெரிந்தது. சங்கத்தின் பழைய வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் காலமாகிவிட்டார், இன்னொருவர் ஜொகூருக்குப் போய்விட்டார், அதனால் ஐந்து ஆண்டாக அந்தக் கணக்கை யாரும் தொடவில்லையாம். சங்கங்களைப் பதிவு செய்யும் அரசுப் பதிவிலாகாவுக்கு இரண்டு ஆண்டாக அறிக்கையும் போகவில்லை. பணம் தீர்ந்துவிடும், 40 மேசையில் டின்னர் வைத்தால் 32,000 ரிங்கிட் கிடைக்கும் என்கிறார் அண்ணன். ஒருவர் 25 விழுக்காடு கமிஷனுக்குப் பணம் திரட்டித் தருவதாகச் சொல்கிறார். இளைஞர்கள் தைப்பூசத்தில் உண்டியல் ஏந்தலாம் என்கிறார்கள். எங்கள் கூட்டம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை போகிறது. அண்ணன் மட்டுமே பேசுகிறார். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் புலனத்தில் (வாட்ஸ்அப்) சண்டை போடுகிறார்கள். பொருளாளரை நான் நீக்கலாமா? நாங்கள் பதிவு பெற்ற சங்கம் என்பதால் நன்கொடையாளருக்கு வரிவிலக்கு ரசீது கொடுக்கலாம்தானே? இல்லை, விலகிப் போய் வேறு சங்கம் தொடங்குவதே நல்லதா?”

அன்புள்ள சகோதரி,

நீங்கள் ஏழு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கேட்காமல் விட்ட எட்டாவது கேள்விதான் முதலில் பதில் சொல்ல வேண்டியது: சங்கத்திடம் உண்மையிலேயே பணம் இல்லையா? மாதச் செலவு 5,000 ரிங்கிட் என்றால் 38,400 ரிங்கிட் ஏழரை மாதத்துக்கு வரும். பணம் இருக்கிறது, ஆனால் உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. இந்த நிலையில் டின்னர் வைத்துப் பணம் சேர்த்தால் அதுவும் அதே கணக்கில்தான் போய் விழும். ஆகவே டின்னர் பேச்சைக் கொஞ்சம் ஒத்தி வையுங்கள். ஏழு மாதம் ஒத்தி வைத்தாலும் பிள்ளைகளின் வகுப்பு நிற்காது.

முடிச்சு எங்கே விழுந்தது?

அண்ணன் பணத்தை எடுத்துக்கொண்டார் என்ற முடிவுக்கு உடனே போய்விடாதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ளதை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பழைய கையெழுத்தாளர் இருவரில் ஒருவர் இல்லை, மற்றவர் தூரத்தில், அவர்கள் இடத்தில் வேறு யாரையும் போடவில்லை. கடைசி இரண்டு ஆண்டாக ஆண்டறிக்கையும் போகவில்லை. அதனால் பதிவிலாகாவின் ஏட்டில் பழைய பொறுப்பாளர்களின் பெயரே நிற்கிறது. அந்த ஏட்டில் பெயர் இல்லாதவரைக் கையெழுத்தாளராக வங்கி ஏற்காது. வந்த நன்கொடையை எங்கே போடுவது? தன் கணக்கில் போட்டார். சிறு சங்கங்களில் இது அடிக்கடி நடக்கிற கதைதான். கெட்ட எண்ணம் இல்லாமலே நடக்கும்.

ஆனால் எண்ணம் நல்லது என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. சங்கங்கள் சட்டம் 1966-இன் 9-ஆவது பிரிவுப்படி, அறங்காவலர் பெயரில் இல்லாத அசையும் சொத்து சங்கத்தின் ஆட்சிக்குழுவைச் சேர்ந்ததாகக் கருதப்படும். அதாவது அந்தப் பணத்துக்கு இன்று பொறுப்பு செயலவையிலுள்ள நீங்கள் பதினோரு பேர். அண்ணனுக்கு நாளை ஏதாவது ஆகிவிட்டால் வங்கி அவருடைய கணக்கை முடக்கிவிடும். அந்தத் தொகை அவருடைய சொத்துக் கணக்கில் சேரும். வாரிசுகள் அதற்கான சட்டப் பத்திரம் வாங்கும் வரை பொதுவாகப் பணம் வெளியே வராது. அதில் 38,400 ரிங்கிட் சங்கத்துடையது என்று அந்தக் குடும்பத்திடம் நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும், துக்க வீட்டில். பெரும்பாலானவர்கள் திருட்டைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். இந்தப் பயம்தான் முதலில் வர வேண்டும்.

“நாங்கள் எல்லாரும் தொண்டர்கள்தானே” என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சம்பளம் வாங்காதவர் என்பதற்காகச் சட்டம் ஒதுங்கி நிற்பதில்லை. ஒப்படைக்கப்பட்ட பணத்தை நேர்மையற்ற முறையில் தன்னுடையதாக்கிக்கொள்வது தண்டனைச் சட்டத்தில் நம்பிக்கை மோசடி, சம்பளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பொதுக்கூட்டத்தில் வாசித்த கணக்கில் அந்தத் தொகை ‘வங்கிக் கையிருப்பு’ என்று மட்டும் இருந்ததாகச் சொல்கிறீர்கள். எந்த வங்கி, யார் பெயரில் என்பது இல்லை. உண்மை தெரிந்த பிறகு அதே தாளை அப்படியே பதிவிலாகாவுக்கு அனுப்புவது உங்கள் தலையிலும் விடியும்.

இருபத்தைந்து நாள்

ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை போய்ச் சேர வேண்டும் என்கிறது அதே சங்கங்கள் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. நீங்கள் எழுதியபோதே 35 நாள் ஓடிவிட்டது. மீதம் 25. இதைப் படிக்கும்போது அதிலும் சில நாள் குறைந்திருக்கும். பொதுக்கூட்டமே நடக்காத ஆண்டுக்கும் அறிக்கை உண்டு, அந்த நாட்காட்டி ஆண்டு முடிந்து 60 நாளுக்குள். ஆகவே விடுபட்ட இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து வேலை இருக்கிறது. தொடர்ந்து அனுப்பாமல் இருந்தால் பதிவு ரத்தாகும் வரை போகலாம். ரத்தான சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கும் இல்லை, நன்கொடையும் இல்லை.

செயலாளர் பதிவிலாகாவின் ஈரோசஸ் இணையத்தளத்துக்குள் நுழைய முடிகிறதா என்று இன்றே பாருங்கள். பெரும்பாலான தாமதம் இங்கேதான். கடவுச்சொல் பழைய செயலாளரின் மின்னஞ்சலில் இருக்கும், அவர் தொலைபேசி எண்ணை மாற்றியிருப்பார். நுழைய முடியாவிட்டால் அடையாள அட்டை, பதிவுச் சான்றிதழ், உங்களைத் தேர்ந்தெடுத்த கூட்டக்குறிப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு மாநிலப் பதிவிலாகா அலுவலகத்துக்கே போய்விடுங்கள்.

விடுபட்ட ஆண்டுகளின் வரவு செலவைத் தயாரிக்க அண்ணனின் உதவி வேண்டும். அவருடைய வங்கி அறிக்கையில் சங்கத்துக்கு வந்த தொகையையும் சங்கத்துக்காகப் போன தொகையையும் வண்ணப் பேனாவால் குறித்துத் தரச் சொல்லுங்கள். அவருடைய வீட்டுச் செலவு உங்களுக்குத் தேவையில்லை, அந்த வரிகளை மறைத்துவிட்டு நகல் தந்தால் போதும். ஆனால் உட்கணக்காய்வாளர் இருவரும் மூலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காமல் போட்ட கையெழுத்தால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. பிறகு கணக்கின் அடியில் ஒரே ஒரு குறிப்பு: ‘மேற்கண்ட கையிருப்பு முன்னாள் தலைவரின் பெயரிலுள்ள கணக்கில் சங்கத்துக்காக வைக்கப்பட்டுள்ளது. சங்கக் கணக்குக்கு மாற்றும் வேலை நடக்கிறது.’ இந்த ஒரு வரி உங்களையும் காப்பாற்றும், அவரையும் காப்பாற்றும்.

புதிய பொறுப்பாளர் பட்டியல் பதிவிலாகா ஏட்டில் ஏறியதும் வங்கிக்குப் போகலாம். வங்கி பொதுவாகக் கேட்பவை: பதிவுச் சான்றிதழ், சங்க விதிகள், பதிவிலாகா உறுதி செய்த பொறுப்பாளர் பட்டியல், செயலவைத் தீர்மானம், கையெழுத்திடுவோர் நேரில் வருவது. கிளைக்குக் கிளை இன்னொரு தாள் கூடும், முன்கூட்டியே அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். தீர்மானத்தை இப்படி எழுதலாம்: ‘தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் சங்கக் கணக்கின் கையெழுத்தாளர்கள். எந்தப் பணம் வெளியே போனாலும் பொருளாளரும் மற்ற இருவரில் ஒருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்.’ இணைய வங்கிக்கும் இதே விதிதான். ஒருவர் பதிவு செய்ய, மற்றவர் ஒப்புதல் தர என்று இரண்டு கட்டமாக அமைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து வைத்துவிட்டு இணைய வங்கிக் கடவுச்சொல்லை ஒருவரிடமே விட்டுவைத்திருக்கும் சங்கங்கள் ஏராளம்.

பழைய கணக்கையும் மறந்துவிடாதீர்கள். அதில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஏழு ஆண்டு அசையாமல் கிடந்தால் அந்தப் பணம் கோரப்படாத பணமாக அரசின் தலைமைக் கணக்காளர் துறைக்குப் போய்விடும். திரும்ப வாங்கலாம், ஆனால் அதற்குத் தனியாக விண்ணப்பம், தனியாகக் காத்திருப்பு. ஐந்து ஆண்டு ஆகிவிட்டது உங்களுக்கு.

அண்ணனிடம் எப்படிப் பேசுவது?

கூட்டத்தில் எழுந்து கேட்காதீர்கள். பதினைந்து ஆண்டு உழைத்தவரைப் பத்துப் பேர் முன்னால் கணக்குக் கேட்டால், பணத்தைக் கொடுக்க நினைத்திருந்தாலும் அன்றைக்குக் கொடுக்க மாட்டார். அவர் மதிக்கிற மூத்தவர் ஒருவரையும் செயலாளரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம், யார் என்ன சொன்னார்கள் என்ற வழக்கு பிறகு வரும்.

“அண்ணே, அக்கவுண்ட் முடங்கிக் கெடந்தப்ப நீங்க வெச்சிருந்ததாலதான் டியூஷன் நிக்காம நடந்துச்சு. இப்ப பேங்க்ல புதுசா கையெழுத்து மாத்தப் போறோம். உங்க பேர்ல இவ்வளவு பணம் கெடந்தா வருமான வரியில உங்களத்தான் கேப்பாங்க. மாத்திட்டா உங்களுக்கும் பாரம் கொறையும்.” இதில் பொய் எதுவுமில்லை. சொந்தக் கணக்கில் வந்து விழும் தொகை எங்கிருந்து வந்தது என்று வரி வாரியம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

திரும்பி வரும்போது கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். இன்ன தேதியில் இன்ன தொகை சங்கத்துடையது, சங்கக் கணக்கு தயாரானதும் ஏழு நாளுக்குள் மாற்றித் தருகிறேன் என்று அவர் கையெழுத்திட்ட ஒரு பக்கம், அந்த மாத வங்கி அறிக்கையின் நகல். இடைப்பட்ட காலத்தில் ஆசிரியர்களுக்கு அவர் பணம் கொடுத்தால் பட்டுவாடாச் சீட்டில் பெறுபவரின் கையெழுத்து வேண்டும். அண்ணன் சொந்தப் பணம் போட்டிருந்தால் அதையும் ரசீதோடு எழுதித் தரச் சொல்லுங்கள். “நானும் எவ்வளவோ போட்டிருக்கேன்” என்ற பேச்சு கட்டாயம் வரும், அதில் உண்மையும் இருக்கலாம். ரசீது இருப்பதைச் செயலவை பரிசீலித்துத் திருப்பிக் கொடுக்கலாம். ரசீது இல்லாததை நன்கொடையாக ஏற்று நன்றி சொல்லிக் கூட்டக்குறிப்பில் பதியலாம். அவராகவே கழித்துக்கொள்வதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பொருளாளரை நீங்களே நீக்க முடியாது. பொதுக்கூட்டம் தேர்ந்தெடுத்தவரை, சங்க விதி வேறு மாதிரி சொன்னால் ஒழிய, பொதுக்கூட்டம்தான் நீக்கலாம். தலைவர் என்பவர் கூட்டத்தை நடத்துபவர், முதலாளி அல்லர். நீக்க வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு கையெழுத்து வந்துவிட்டால் மைத்துனராக இருப்பது பெரிய சிக்கல் இல்லை. அண்ணன் தொடர்பான விவகாரம் வரும்போது பொருளாளர் தன் உறவைச் சொல்லிவிட்டு வாக்களிக்காமல் இருக்க வேண்டும், அதைக் குறிப்பில் எழுத வேண்டும். அவ்வளவே.

வரிவிலக்கு ரசீது

இல்லை. பதிவிலாகாவில் பதிவு செய்வது ஒன்று, உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் வேறொன்று. வருமான வரிச் சட்டம் 1967-இன் 44(6)-ஆவது பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்த ரொக்க நன்கொடையைத்தான் கழித்துக்கொள்ள முடியும், அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை. அங்கீகாரம் இல்லாமல் ‘வரிவிலக்கு உண்டு’ என்று அச்சடித்தால் ஏமாறுவது உங்களை நம்பிக் கொடுத்தவர்தான். சாதாரண ரசீது தாராளமாகக் கொடுக்கலாம். தொடர் எண், தேதி, பெயர், தொகை, எதற்காக என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க ஒழுங்கான கணக்கு வேண்டும், ஆகவே அது அடுத்த கட்டம். கம்பெனி ஒன்று உபயம் தந்து தன் பெயரைப் பதாகையில் போடச் சொன்னால், அதை விளம்பரச் செலவாகக் காட்ட முடியுமா என்பதை அவர்களுடைய கணக்காளர் பார்த்துக்கொள்வார். நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள்.

டின்னர் கணக்கு

32,000 என்பது வரவு, லாபம் அல்ல. நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். மேசைக்குச் சாப்பாடு 500 ரிங்கிட், 40 மேசைக்கு 20,000. மேடை, ஒலி, ஒளி 3,500. கலைஞர்கள் 3,000. அச்சு, மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு 1,500. ஆக 28,000. மீதம் 4,000. ஒரு மேசை 800 என்பதால் ஐந்து மேசைக்குப் பணம் வராவிட்டால் அந்த 4,000-மும் போயிற்று. ஐந்து மேசை என்ன பெரிய விஷயமா? இரண்டு மேசை டத்தோ பட்டம் பெற்ற பிரமுகருக்கும் அவருடன் வருபவர்களுக்கும் இலவசம், மூன்று மேசை “அடுத்த வாரம் தர்றேன்”. மண்டபத்துக்காரர் மேசை எண்ணிக்கையைச் சில நாள் முன்பே உறுதி செய்யச் சொல்வார், ஆள் வராவிட்டாலும் காசு வாங்கிக்கொள்வார்.

இன்னொரு செலவு விலைப்பட்டியலில் வராது. நம் ஊரில் மேசை வாங்குவது மொய் மாதிரி. உங்கள் டின்னருக்கு ஒரு மேசை எடுத்த சங்கம் தன் டின்னருக்கு உங்களிடம் ஒரு மேசையை நீட்டும். 15 சங்கம் மேசை எடுத்தால் அடுத்த ஆண்டு 15 அழைப்பு வரும்.

பிற்காலத்தில் வைத்தே தீர வேண்டுமென்றால் மூன்று நிபந்தனை வையுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்குள் மேடை, ஒலி, அச்சு முழுவதற்கும் உபயதாரர் கிடைத்திருக்க வேண்டும். பணம் வராத மேசை 14 நாள் முன்பே ரத்து. நிகழ்ச்சியில் பத்து நிமிடம், சாப்பாட்டுக்கு முன், ஒரு மாணவனின் ஆண்டுச் செலவை ஏற்கும்படி வந்தவர்களிடம் நேராகக் கேட்க வேண்டும். டின்னரில் சங்கத்துக்கு மிஞ்சுவது பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தில் வருவதுதான், அதைத்தான் உரைகளை நீட்டி நீட்டிக் கடைசியில் விழுங்கிவிடுகிறார்கள். பொது நிகழ்ச்சிக்குச் செபராங் பிறை மாநகர் மன்றத்தில் என்ன அனுமதி வேண்டும் என்று கேளுங்கள். குலுக்கல் சீட்டை விலைக்கு விற்காதீர்கள், அனுமதியில்லாத குலுக்கல் 1952-ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டத்தில் மாட்டும்.

தைப்பூச உண்டியலும் அப்படித்தான். தெருவிலோ வீடு வீடாகவோ பணம் திரட்ட 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல் துறை உரிமம் வேண்டும். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் உரிமமில்லாமல் உண்டியலோடு நிற்கும் பையனைக் காவலர் நிறுத்தினால் அவமானம் அவனுக்கு. உரிமம் வாங்கினாலும் உண்டியல்களுக்கு எண் போட்டு, முத்திரை வைத்து, திறக்கும்போது இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். கமிஷன்காரரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நூறு ரிங்கிட் கொடுத்தவருக்கு அதில் இருபத்தைந்து இன்னொருவர் பையில் போனது பிறகு தெரிந்தால் அடுத்த முறை உங்களுக்கும் கொடுக்க மாட்டார். எழுத்து வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் பேசி ஒரு தொகையைக் கூலியாகக் கொடுங்கள், விழுக்காடாக வேண்டாம்.

60,000 எங்கிருந்து வரும்?

நேரில் போய்க் கேட்பதிலிருந்து. 120 பிள்ளை, 60,000 ரிங்கிட் என்றால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 500. கேட்பதற்கு இதைவிடத் தெளிவான எண் கிடையாது. ஒருவர் 10,000, இருவர் 5,000, நால்வர் 2,500, பத்துப் பேர் 1,000, இருபது பேர் 500 என்று வைத்தால் 37 பேரிடமிருந்து 50,000 ஆகிவிடும். மீதியை மாதம் 30 ரிங்கிட் தரும் 28 பேர் பார்த்துக்கொள்வார்கள், ஆண்டுக்கு 10,080.

ஒருவர் ‘சரி’ என்று சொல்ல மூன்று நான்கு பேரைக் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே 37 பேருக்கு 130 பெயராவது வேண்டும். செயலவையில் பதினோரு பேர், ஆளுக்கு 12 பெயர் எழுதினால் 132. பட்டியலில் எல்லாரும் டத்தோக்களாக இருந்தால் அதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள். பழைய மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், ஆசிரியர்கள், சந்தைக் கடைக்காரர், கிளினிக் டாக்டர், லாரி வைத்திருப்பவர், பிறை ஆலையில் மேற்பார்வையாளராக இருப்பவர் எல்லாம் வேண்டும். யார் யாரைக் கேட்பது என்பதையும் அன்றே பிரித்துவிடுங்கள். அதற்கு முன் செயலவையினர் பதினோரு பேரும் தங்களால் முடிந்ததைப் போட வேண்டும், மாதம் பத்து ரிங்கிட்டாக இருந்தாலும் சரி. “உங்க கமிட்டில எல்லாரும் குடுத்துட்டாங்களா?” என்று கேட்கும் நன்கொடையாளர் உண்டு. அவர் கேட்பது நியாயம்.

போகும்போது இருவராகப் போங்கள். கேட்கும் தொகையைச் சொல்லாமல் “உங்களால முடிஞ்சத குடுங்க” என்று கேட்டால் ஐம்பது கிடைக்கும். “ஒரு பிள்ளைக்கு ஒரு வருசத்துக்கு ஐந்நூறு ஆகுது. அஞ்சு பிள்ளைங்கள நீங்க ஏத்துக்க முடியுமா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நாமே தொகையைக் குறைத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. பணம் வந்த இரண்டு நாளுக்குள் ரசீது. மூன்று மாதம் கழித்து எத்தனை வகுப்பு நடந்தது, எவ்வளவு செலவானது என்று ஒரு பக்கம். பிள்ளைகளின் முகம் தெரியும் படம் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேண்டாம்.

புதிய வங்கிக் கணக்கு வந்ததும் டுயிட்நவ் கியூஆர் (கைப்பேசியால் வருடிப் பணம் செலுத்தும் குறியீடு) கேட்டு வாங்குங்கள். வருடும்போது சங்கத்தின் பெயர் திரையில் வர வேண்டும். மோசடிச் செய்தி நாளுக்கு ஒன்று வரும் காலத்தில் தனி ஆள் பெயர் வந்தால் பாதிப் பேர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். மித்ரா (மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவு), யாயாசான் ஹசானா அறக்கட்டளை, பினாங்கு இந்து அறப்பணி வாரியம் போன்ற இடங்களில் எப்போது, எதற்கு விண்ணப்பம் திறக்கிறது என்று பார்க்க ஒருவரை நியமியுங்கள். ஆனால் மானியத்தை மட்டும் நம்பி ஆசிரியர் சம்பளத்தை வைக்காதீர்கள். கேட்டது கிடைத்தாலும் தவணை தள்ளி வரும்.

நள்ளிரவுக் கூட்டம்

அண்ணன் அதிகம் பேசுவதால் கூட்டம் நீள்கிறது என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய நிகழ்ச்சி நிரலில் 14 அங்கம் இருக்கிறது. அவர் வாயே திறக்காவிட்டாலும் அது பதினொன்றரைக்கு முன் முடியாது. நான்காகக் குறையுங்கள். ஒவ்வொன்றையும் கேள்வியாக எழுதுங்கள். ‘டின்னர்’ என்று எழுதினால் எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவார்கள். ‘இந்த ஆண்டு டின்னர் வைப்பதா, ஒத்தி வைப்பதா?’ என்று எழுதினால் பேச்சுக்கு ஒரு கரை இருக்கும். பக்கத்தில் ‘தகவல்’, ‘ஆலோசனை’, ‘முடிவு’ என ஒன்றையும், எத்தனை நிமிடம் என்பதையும் போட்டு ஏழு நாள் முன்பே அனுப்புங்கள். தகவல் மட்டும் என்றால் தாளில் வரட்டும், வாசிக்க வேண்டாம்.

முக்கியமான கேள்விக்கு முதலில் மூன்று நிமிடம் எல்லாரும் பேசாமல் தாளில் எழுதட்டும். பிறகு வரிசையாக ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம், புதிதாகச் செயலவைக்கு வந்தவரிலிருந்து தொடங்கி. பெரியவர் முதலில் பேசிவிட்டால் நம் பிள்ளைகள் எதிர்த்துப் பேச மாட்டார்கள், அது பயம் மட்டுமல்ல, வளர்ப்பு. அதனால் அண்ணனிடம் முன்கூட்டியே, “அண்ணே, எல்லாரும் பேசட்டும், நீங்க நிறைவா சொல்லுங்க” என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிறைவுரை மரியாதைக்குரிய இடம். அதற்கு அவர் மறுக்க மாட்டார், அதற்குள் பத்துக் கருத்து மேசைக்கு வந்திருக்கும். உங்கள் கருத்தையும் அதுவரை சொல்லாதீர்கள். ஆலோசகருக்கு வாக்கு உண்டா என்று சங்க விதியில் பாருங்கள், பல சங்கங்களில் இல்லை.

வாக்கெடுப்புக்கு முன் விரல் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். ஐந்து என்றால் முழு ஒப்புதல், மூன்று என்றால் சேர்ந்து போகிறேன், ஒன்று என்றால் கூடாது. ஒன்று இரண்டு காட்டியவர்களிடம் “ஏன்” என்று கேட்டால் சண்டை வரும். “எதை மாற்றினால் மூன்றுக்கு வருவீர்கள்?” என்று கேளுங்கள். பிறகு முறைப்படி முன்மொழிந்து, வழிமொழிந்து, வாக்கெடுத்து, அடுத்த அங்கத்துக்குப் போகும் முன் செயலாளர் முடிவை உரக்க வாசிக்கட்டும்: என்ன முடிவு, யார் செய்வார், எந்தத் தேதிக்குள். இந்த மூன்றும் கூட்டக்குறிப்பில் இரண்டு நாளுக்குள் எல்லாருக்கும் போய்விட்டால் புலனச் சண்டை பாதி குறையும். மீதியை, புலனக் குழு அறிவிப்புக்கு மட்டும் என்று வைத்து நிறுத்துங்கள்.

அண்ணனின் கணக்கு பற்றிய அங்கம் வரும்போது நீங்கள் நாற்காலியைத் துணைத்தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த விவகாரத்தில் நீங்களும் ஒரு தரப்பு.

விலகுவதா?

புதிய சங்கம் தொடங்க ஏழு பேர் போதும். ஆனால் 15 ஆண்டுப் பெயர், டியூஷன் நடக்கும் இடங்கள், பெற்றோரின் நம்பிக்கை எதுவும் உங்களோடு வராது. ஒரே ஊரில் இரண்டு சங்கம் அதே நன்கொடையாளர் வாசலில் நிற்கும். விலகினாலும், தலைவராக இருந்த நாள்களில் தெரிந்தும் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி நிற்கும். ஆகவே இப்போது வேண்டாம்.

ஆனால் முடிவில்லாமல் காத்திருக்கவும் வேண்டாம். அண்ணன் எழுதிக் கொடுத்த கெடு முடிந்து ஏழு நாளாகியும் பணம் வராவிட்டால், செயலவைத் தீர்மானத்தோடு செயலாளர் பெயரில் 14 நாள் தவணை கொடுத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் சிறப்புப் பொதுக்கூட்டம். அதை எத்தனை உறுப்பினர் கேட்கலாம், எத்தனை நாள் அறிவிப்பு என்பதெல்லாம் உங்கள் சங்க விதியில் இருக்கும். பதிவிலாகாவின் மாதிரி விதியைப் பின்பற்றும் சங்கமாக இருந்தால், வாக்குரிமை உள்ளவர்களில் பாதி அல்லது செயலவை எண்ணிக்கையின் இரு மடங்கு, எது குறைவோ அது கூட்டம் நடத்தப் போதும். உங்களுக்கு அதிகபட்சம் 22 பேர். காவல் துறைப் புகார் அந்தக் கூட்டத்தின் முடிவாகப் போக வேண்டும், உங்கள் தனிப்பட்ட முடிவாக அல்ல. அந்தக் கட்டம் வந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் தாள்களைக் காட்டிவிட்டு அடி எடுத்து வையுங்கள். கையெழுத்திட்ட அந்த ஒரு பக்கம், வங்கி அறிக்கையின் நகல், தபால் ரசீது மூன்றும் செயலாளரின் கோப்பில் ஒன்று, உங்கள் வீட்டில் ஒன்று என இரண்டு படியாக இருக்கட்டும்.